வணிகக் கட்டடங்களில் குளிரூட்டலும் காற்றோட்டமும்: கொங்கு நாட்டில் புதிதாகப் பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஒரு ஜவுளிக்கடையையோ அலுவலகத்தையோ மருத்துவமனையையோ கல்யாண மண்டபத்தையோ கட்டும் பொறுப்பும் பராமரிக்கும் பொறுப்பும் முதன்முறையாக வந்து சேர்ந்தவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கற்றுத்தருவது இதன் நோக்கமன்று, அதற்கு ஐ.டி.ஐ.களில் தனிப் படிப்பே இருக்கிறது. எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும், ஒப்பந்ததாரரிடம் எதைக் கேட்க வேண்டும், வேலை முடிந்தபின் எதைச் சரிபார்த்துப் பணம் கொடுக்க வேண்டும் என்பவையே இங்கே சொல்லப்படுகின்றன. "எத்தனை டன்னுங்க போடோணும்?" என்று தொடங்குவது நம் பக்கத்து வழக்கம். டன் என்பது இங்கே எடையன்று, வெப்பத்தை நீக்கும் திறனின் அளவு. அந்தக் கேள்விக்கு விடை கீழே நான்காம் படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய மூன்று படிகளையும் தாண்டிக் குதித்தவர்களின் கட்டடங்களே பெரும்பாலும் குளிர்ந்தும் புழுங்கிக்கொண்டிருக்கின்றன.

முதற்படி: ஊரின் வானிலையைக் குறித்துக்கொள்ளுதல்

கொங்கு நாடு முழுவதற்கும் ஒரே வானிலை கிடையாது. கடல்மட்டத்துக்குச் சுமார் 300 முதல் 400 மீட்டர் உயரத்தில், பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரில் இருக்கும் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று தடையின்றி வருகிறது. ஈரோடு, கரூர், சேலம் பக்கம் அந்தத் தணிவு குறைவு. சித்திரை வெயிலில் அங்கே 40 டிகிரி செல்சியஸ் என்பது செய்தியாகாத அளவுக்குப் பழகிப்போன ஒன்று. ஆயினும் பங்குனி, சித்திரை மாதங்களின் பகல் வெப்பம் வறண்ட வெப்பம். ஐப்பசி மழையின்போது வெப்பம் குறைந்து ஈரம் ஏறிவிடுகிறது.

இந்த வேறுபாடு கணக்கில் நேரடியாக எதிரொலிக்கும். காற்றில் உள்ள ஈரத்தை நீராக்கி வெளியேற்றுவதும் குளிரூட்டியின் வேலையாதலால், வெப்பமானியின் அளவு மட்டும் போதாது. நனைந்த துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையும் வேண்டும். ஒப்பந்ததாரர் தரும் கணக்குத் தாளின் தலைப்பிலேயே வெளி வெப்பநிலை எவ்வளவு, ஈரக்குமிழ் அளவு எவ்வளவு, எந்த ஊருக்குரியது என்று எழுதியிருக்க வேண்டும். சென்னைக்குப் போட்ட தாளைப் பெயர் மாற்றிக் கரூருக்குக் கொடுத்தால், ஈரத்தை அகற்றும் சுமை தேவைக்கு மேலாகவும் வெயில் சுமை தேவைக்குக் கீழாகவும் வந்துவிடும்.

இரண்டாம் படி: வெப்பத்தை வாசலிலேயே நிறுத்துதல்

உள்ளே வந்த வெப்பத்தை மாதந்தோறும் மின்கட்டணம் கட்டி வெளியேற்றுவதைவிட, வராமல் தடுப்பது மலிவு. நம் ஊர்களில் முதன்மையான குற்றவாளி மேற்குப் பார்த்த கண்ணாடி முகப்பு. 20 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி மேற்கு வெயிலை நேராக வாங்கும் மாலை நேரத்தில், சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுவதாகவும் அதில் பத்தில் எட்டுப் பங்கு உள்ளே வருவதாகவும் கொண்டால், 9,600 வாட் வெப்பம் கடைக்குள் நுழைகிறது. இதை நீக்க மட்டும் ஏறக்குறைய 2.7 டன் குளிரூட்டல் தேவை. வெயிலில் பத்தில் மூன்று பங்கை மட்டும் விடும் கண்ணாடியைப் போட்டால் அது ஒரு டன்னாகச் சுருங்கும். கண்ணாடி விற்பவர்கள் இந்தப் பங்கை எஸ்.எச்.ஜி.சி. என்ற எண்ணாகச் சொல்வார்கள். எண் சிறியதாக இருக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நீட்டிய நிழற்பலகை இன்னும் நல்லது, ஆனால் முகப்பின் அழகு கெடுகிறது என்று அதை வெட்டிவிடச் சொல்பவர்களே அதிகம்.

மேல்தளக் கூரைக்கு வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ, அதன்கீழ் வெப்பத்தடுப்பு அட்டையோ இடப்பட வேண்டும். தகரக் கூரை போட்ட மண்டபங்களில் இதைச் செய்யாமல் எத்தனை டன் வைத்தாலும் பிற்பகலில் தலைக்கு மேல் அனல் இறங்கிக்கொண்டேயிருக்கும்.

மூன்றாம் படி: மனிதர்களையும் மூச்சுக்காற்றையும் எண்ணுதல்

பெரும்பாலான கட்டடங்களில் அறவே மறக்கப்படும் படி இது. சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் சுற்றவிட்டுக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. வீட்டில் கதவு இடுக்கு, திறந்து மூடும் வாசல் என்று ஏதோ ஒரு வழியில் காற்று மாறிவிடும். ஐம்பது பேர் எட்டு மணிநேரம் உட்காரும், ஜன்னல்கள் அடைக்கப்பட்ட அலுவலகத்தில் அது நடக்காது. நண்பகலுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏறி, தலைபாரமும் தூக்கக்கலக்கமும் வரும், ஊழியர்கள் ஏ.சி. போதவில்லை என்று சொல்லி வெப்பநிலையை 18-க்கு இறக்குவார்கள். குறை குளிரில் இல்லை, காற்றில் இருக்கிறது.

அளவு தெரிந்துகொள்ளக் கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். முகூர்த்தத்தைவிட முந்தைய நாள் மாலை வரவேற்பில்தான் கூட்டம் உச்சத்தைத் தொடும் என்பதால் அந்த நேரத்துக்கே கணக்குப் போட வேண்டும். ஆயிரம் பேர் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் உடலிலிருந்து, வியர்வையின் ஈரத்தையும் சேர்த்து, சுமார் 120 வாட் வெப்பம் வெளிவரும். ஆக 1,20,000 வாட். ஒரு டன் என்பது 3,517 வாட் வெப்பத்தை நீக்கும் திறன் என்பதால் மனிதர்களுக்கு மட்டுமே 34 டன் ஆகிறது. அடுத்து, தலைக்கு நிமிடத்துக்கு 10 கன அடி வெளிக்காற்று தருவதாக வைத்தால் நிமிடத்துக்கு 10,000 கன அடி, அதாவது 10,000 சி.எஃப்.எம். வேண்டும். வெளியே 30 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் இருக்கும் மாலையில், அந்தக் காற்றை உள்ளேயிருக்கும் 24 டிகிரி, 55 சதவீத நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 38 டன் தேவைப்படும். அதில் முக்கால் பங்கு ஈரத்தை நீக்குவதற்கே செலவாகிறது. சுவர், கூரை, விளக்கு, வீடியோக்காரரின் ஒளிவிளக்குகள் எவற்றையும் இன்னும் சேர்க்கவில்லை.

வெளிக்காற்றின் சுமை இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் விலைப்புள்ளியைக் குறைக்க விரும்புபவர்கள் முதலில் அதன்மேல் கை வைக்கிறார்கள். அதை வெட்ட அனுமதிக்காமல், வேண்டும்போது மட்டும் வரும்படி அமைப்பதே சரியான வழி. கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சென்சார் ஒன்றை மண்டபத்தில் வைத்து, அளவு பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கை நெருங்கும்போது காற்றுவழித் தட்டு திறக்கவும், கூட்டம் கலைந்ததும் மூடவும் செய்யலாம். வெளியேறும் குளிர்ந்த காற்றைக் கொண்டு உள்ளே வரும் சூடான காற்றை முன்கூட்டியே குளிர்விக்கும் வெப்ப மீட்புச் சக்கரமும் ஆண்டு முழுவதும் கூட்டமுள்ள கட்டடங்களுக்கு முதலைத் திருப்பித் தரும்.

எங்கிருந்து காற்றை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஜெனரேட்டர் புகைபோக்கி, கழிப்பறை எக்ஸாஸ்ட், கூலிங் டவர் (நீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு) ஆகியவற்றுக்கு அருகிலிருந்து எடுக்கக்கூடாது. பந்தி நடக்கும் கூடத்திலும் சமையற்கூடத்திலும் உள்ளே விடுவதைவிடச் சற்று அதிகமாகக் காற்றை வெளியே இழுத்தால், அங்கே அழுத்தம் குறைந்து, சாம்பார் வாசம் மணமேடைப் பக்கம் வராது. மருத்துவமனை அறுவை அரங்கில் இதற்கு நேர்மாறாக அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும்; அது தனித்துறை, இக்கட்டுரையை வைத்துக்கொண்டு அதில் இறங்கக்கூடாது.

நான்காம் படி: டன் கணக்கு

ஒரு டன் (907 கிலோ கொண்ட அமெரிக்க டன்) பனிக்கட்டியை 24 மணிநேரத்தில் உருக்கும் வெப்பமே ஒரு டன் குளிரூட்டல் என்ற அளவாயிற்று. இத்தனை சதுர அடிக்கு ஒரு டன் என்ற வாய்ப்பாடு சந்தையில் உலவுகிறது. வீட்டு அறைக்கு அது ஓரளவு ஒத்துவரும். ஒரே பரப்புள்ள நகைக்கடை, சர்வர் அறை, நூலகம் மூன்றுக்கும் அதே வாய்ப்பாட்டைப் போட்டால் மூன்றும் தவறும். சுவர், கூரை, கண்ணாடி, விளக்கு, கருவிகள், மனிதர்கள், வெளிக்காற்று என ஒவ்வொன்றுக்கும் தனி வரியுடன், மணிநேர வாரியாகப் போட்ட கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் உச்சமும் ஒரே நேரத்தில் வராது. கிழக்குப் பக்க அறை காலையிலும் மேற்குப் பக்க அறை மாலையிலும் உச்சம் தொடும். எல்லா உச்சங்களையும் கூட்டியது கட்டடத்தின் தேவையாகாது.

"எதற்கும் கொஞ்சம் சேர்த்துப் போட்டுவிடுவோம்" என்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் கெடுதல். தேவைக்கு மிகுந்த திறனுள்ள இயந்திரம் சில நிமிடங்களில் வெப்பநிலையை எட்டி நின்றுவிடும். காயில் எனப்படும் குளிர்ந்த குழாய்ச் சுருளின்மேல் நீர் திரண்டு வடிவதற்குத் தொடர்ந்து ஓடும் நேரம் வேண்டும். அடிக்கடி நின்று கிளம்பும் இயந்திரத்தில் அது கிடைக்காமல் அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் ஆகிவிடும். கம்ப்ரசரின் ஆயுளும் குறையும். ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் உச்ச வெயில் நாட்களல்ல என்பதால், ஒரே பெரிய இயந்திரத்தைவிட, திறனைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இரண்டு மூன்று இயந்திரங்களே வணிகக் கட்டடத்துக்கு ஏற்றவை. ஒன்று பழுதானாலும் கடையை மூட வேண்டியிராது.

ஐந்தாம் படி: எந்த வகை அமைப்பு

சிறு கடைகளுக்கும் சில அறைகள் கொண்ட அலுவலகங்களுக்கும் ஸ்பிளிட் வகையும், கூரையில் பதிக்கும் கேசட் வகையும் போதும். நீண்ட கூடங்களுக்கு, டக்ட் என்னும் காற்றுக்குழாய் வழியே குளிர்க்காற்றை அனுப்பும் டக்டபிள் வகை பொருந்தும். பல தளங்களில் பல சிறு அறைகள், வெவ்வேறு நேரங்களில் பயன்படுபவை என்றால் வி.ஆர்.எஃப். எனப்படும் முறை நல்லது. ஒரு வெளி யூனிட்டிலிருந்து பல உள் யூனிட்டுகளுக்குத் தேவைக்கேற்பக் குளிரூட்டும் வாயு செல்லும். ஆனால் அதன் உதிரிப்பாகமும் கட்டுப்பாட்டு மென்பொருளும் ஒரே நிறுவனத்திடம் மாட்டிக்கொள்கின்றன என்பதையும், நீளமான குழாயில் எங்கோ கசிந்தால் தேடுவது கடினம் என்பதையும் தெரிந்தே வாங்க வேண்டும்.

நூறு டன்னைத் தாண்டும் கட்டடங்களில் சில்லர் பேச்சு வரும். சில்லர் தண்ணீரைச் சுமார் 7 டிகிரிக்குக் குளிர்வித்து அனுப்பும். அது ஒவ்வொரு தளத்திலும் உள்ள ஏ.எச்.யு. (காற்றைக் குளிர்வித்து அனுப்பும் விசிறிப் பெட்டி) காயில்களில் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12 டிகிரியில் திரும்பும். வாங்கிய வெப்பத்தை வெளியே கொட்ட இரண்டு வழிகள்: விசிறிக் காற்றால் கொட்டும் ஏர் கூல்டு, கூலிங் டவர் தண்ணீரால் கொட்டும் வாட்டர் கூல்டு. மின்சாரச் சிக்கனத்தில் இரண்டாவது வெகுவாக முந்தும். எனினும் கொங்கு நாட்டில் முடிவைத் தீர்மானிப்பது மின்சாரத்தைவிடத் தண்ணீர்தான் என்பது என் கருத்து. முழுச் சுமையில் ஓடும் 100 டன் வாட்டர் கூல்டு சில்லரின் கூலிங் டவரில் மணிக்கு 650 முதல் 700 லிட்டர் நீர் ஆவியாகிப் போகும். பத்து மணிநேரத்துக்கு ஏறக்குறைய ஒரு சிறு லாரித் தண்ணீர். ஆவியாவது தூய நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும் என்பதால், தொட்டியில் உப்பு ஏற ஏற ஒரு பகுதி நீரை வடித்துவிட்டுப் புதுநீர் சேர்க்க வேண்டும். சிறுவாணி நீர் போன்ற மென்மையான நீருக்கு வடிப்பு குறைவு. அவிநாசி, பல்லடம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீருக்கு மென்மையாக்கும் கருவியும் வேதிப்பொருட் பராமரிப்பும் இல்லாமல் இறங்கினால், வெப்பத்தை நீருக்குக் கொடுக்கும் பகுதியான கண்டென்சரின் குழாய்களில் சுண்ணப் படிவு ஏறி, மிச்சப்படுத்திய மின்சாரம் முழுவதும் அங்கேயே போய்விடும். ஆகவே நீர்ப் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்வரை வாட்டர் கூல்டு என்று கையெழுத்திட வேண்டாம்.

தையல் கூடம், பேக்கிங் கூடம், கிடங்கு போன்ற பெரிய இடங்களுக்கு ஏ.சி.யே தேவையில்லாமல் போகலாம். ஒரு சுவரில் ஈரப் பேடும் (நீரில் நனைந்த, காற்று புகும் தடித்த அட்டை) எதிர்ச்சுவரில் எக்ஸாஸ்ட் விசிறிகளும் வைக்கும் முறையைப் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் பலர் பார்த்திருப்பார்கள். வெளியே 38 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள சித்திரைப் பகலில் ஈரக்குமிழ் அளவு 24 டிகிரியை ஒட்டியிருக்கும். நல்ல பேடு அந்த இடைவெளியில் பத்தில் எட்டுப் பங்கைக் கடந்து காற்றை 27 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். மழைக்காலத்தில் 30 டிகிரியும் 80 சதவீதமும் இருக்கும்போது இரண்டரை டிகிரிகூட இறங்காது. அந்நாட்களில் தண்ணீரை நிறுத்திவிட்டு விசிறிகளை மட்டும் ஓட்டுவதே பயன். நூற்பாலைகளின் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்டும் காற்றை நீரில் கழுவி ஈரமூட்டும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். ஏர் கண்டிஷனிங் என்ற பெயரை 1906-இல் சூட்டிய ஸ்டூவர்ட் கிராமரும் நெசவாலைகளுக்காக உழைத்த பொறியாளரே. கோவைக்காரர்கள் இத்துறையை அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை.

குளிரூட்டும் வாயுவைப் பொறுத்தவரை, ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 உள்ளிட்ட எச்.சி.எஃப்.சி. வகைகளைப் புதிய கருவி உற்பத்தியில் பயன்படுத்துவது 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பழைய ஆர்-22 இயந்திரத்தை மலிவாகத் தருகிறோம் என்று யாராவது வந்தால் மறுத்துவிடலாம். இப்போது பரவலாக உள்ள ஆர்-32 மெல்ல எரியக்கூடியது. அடைபட்ட சிறு அறையில் அதன் குழாய் இணைப்புகளை வைப்பதற்கு முன் தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச அறைப்பரப்பைப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: டக்ட், வடிகால், வெளி யூனிட்

ஃபால்ஸ் சீலிங் மூடப்படுவதற்கு முன் இவற்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். டக்ட் இணைப்புகள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா, வளைவுகள் மடங்கி நெரிபடாமல் இருக்கின்றனவா, தீத்தடுப்புச் சுவரைக் கடக்கும் இடத்தில் ஃபயர் டேம்பர் (தீயின்போது டக்டை மூடும் தட்டு) இருக்கிறதா, தீ எச்சரிக்கை ஒலித்தால் ஏ.எச்.யு. தானே நிற்கிறதா என்பவை முதன்மையானவை. குளிர்நீர்க் குழாயின் வெப்பத்தடுப்பு உறையில் ஓரிடத்தில் இடைவெளி விட்டாலும் அங்கே நீர் வியர்த்துக் கூரையில் கறை படியும்.

வடிகால் குழாய் சிறிய விஷயமாகத் தோன்றினாலும் புகார்ப் புத்தகத்தில் முதலிடம் அதற்குத்தான். பெரும்பாலான ஏ.எச்.யு.க்களில் விசிறி காயிலுக்குப் பின்னால் இருந்து காற்றை இழுப்பதால், நீர் சேரும் தட்டு இருக்கும் பகுதியில் வெளியைவிட அழுத்தம் குறைவு. குழாயில் போதிய ஆழமுள்ள யு வளைவு இல்லாவிட்டால் வெளிக்காற்று குழாய்வழியே உள்ளே உறிஞ்சப்பட்டு, நீர் இறங்காமல் தட்டு நிரம்பி வழியும். விசிறியை நிறுத்தியதும் நீர் சரசரவென்று இறங்கினால் நோய் இதுவேதான்.

வெளி யூனிட்டை மேற்குச் சுவரில் வைத்து அதன் காற்று மேற்கு நோக்கியே வெளியேறும்படி அமைத்தால், ஆடிக் காற்று எதிர்த்து மோதிச் சூடான காற்றை யூனிட்டுக்குள்ளேயே திருப்பிவிடும். இரண்டு யூனிட்டுகளை ஒன்றன் வாயில் மற்றொன்றின் காற்று படுமாறு நெருக்கி வைப்பதும் அதே விளைவைத் தரும். திருப்பூர், கரூர் போன்ற ஊர்களில் பஞ்சுத் தூசி யூனிட்டின் தகடுகளில் கம்பளிபோல் படிந்துவிடுவதால், எளிதில் சென்று கழுவும்படியான மேடையும் ஏணியும் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

ஏழாம் படி: சோதித்து வாங்குதல்

இயந்திரம் ஓடுகிறது, குளிர்கிறது என்பதோடு நிறைவடையக்கூடாது. செப்புக் குழாய்களை நைட்ரஜன் அழுத்தத்தில் வைத்துக் கசிவு பார்த்ததற்கும், வாயு நிரப்புமுன் வெற்றிடப் பம்பால் 500 மைக்ரான் என்ற மிகக் குறைந்த அழுத்தம் வரும்வரை காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியதற்கும் எழுத்துப் பதிவு வேண்டும். ஒவ்வொரு காற்றுவாயிலிலும் காற்றின் வேகத்தைக் காட்டும் அனிமோமீட்டர் வைத்து அளந்த சி.எஃப்.எம். வடிவமைப்புக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். பத்து சதவீத ஏற்ற இறக்கத்தை ஏற்கலாம். வெளிக்காற்று வரும் வாயையும் தவறாமல் அளக்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் அதை விட்டுவிடுவார்கள். விசிறிக்கு வேகத்தைக் குறைக்கும் வி.எஃப்.டி. பொருத்தியிருந்தால் அது உண்மையிலேயே குறைகிறதா என்று பாருங்கள்; வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்நுகர்வு ஏறக்குறைய பாதியாகும் என்பதால், கையால் 100-இல் நிறுத்தி வைக்கப்பட்ட வி.எஃப்.டி. காசைக் கரைக்கும்.

எட்டாம் படி: ஓட்டுதலும் ஒப்பந்தமும்

நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வருகின்றன. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. உயர் அழுத்த மின்இணைப்பு உள்ளவர்கள் காலையில் எல்லா இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் முழு வீச்சில் ஓட்டாமல் தளம் தளமாகத் தொடங்கினால், அம்மாதத்தின் உச்சத் தேவையைக் கட்டுக்குள் வைக்கலாம். ஆடி மாதத்து இரவுகளிலும் மார்கழிக் காலைகளிலும் வெளிக்காற்றே போதுமான குளிர்ச்சியுடன் இருக்கும். கம்ப்ரசரை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்டும் வசதி ஏ.எச்.யு.வில் இருந்தால் பயன்படுத்த வேண்டும்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதும்போது "தேவைப்படும்போது கேஸ் நிரப்பப்படும்" என்ற வரியை ஏற்காதீர்கள். வாயு எரிபொருளன்று, ஓடி ஓடித் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, சோதித்து, பிறகே எடைபோட்டு நிரப்ப வேண்டும் என்றும், நிரப்பிய எடையைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் மாற்றி எழுதுங்கள். ஃபில்டர் கழுவுவதற்கு நாட்கணக்கைவிட அழுத்த அளவி நல்ல வழிகாட்டி. பஞ்சாலைப் பகுதியில் பத்து நாளில் அடைபடும் ஃபில்டர், கோவைப் பந்தயச் சாலை அலுவலகத்தில் ஒரு மாதம் தாங்கும். சில்லர் உள்ள இடங்களில் கண்டென்சரை விட்டு வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் வாயு திரவமாகும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியை நாள்தோறும் குறித்துவந்தால், படிவு ஏறுவதை மின்கட்டணம் சொல்வதற்கு முன்பே அறியலாம். கூலிங் டவர் நீரில் நோய்க்கிருமி வளராமல் தடுக்கும் மருந்திடலும், அதன் பரிசோதனை அறிக்கையும் ஒப்பந்தத்தில் தனி வரியாகவே இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் வரைபடங்கள், முதல்நாள் அளவுகள், பதிவேடுகள் மூன்றும் கட்டட உரிமையாளரின் அலமாரியில்தான் இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.